அத்தானுக்கு ஒரு சாப்பாட்டுப் பலகை

பதினொரு வருடம் பாரிஸில் ரூ காய் தெருவில் ஒரு உணவகத்தின் நிலவறையில் சட்டி கழுவினேன். அத்தனை வருடத்தில் ஒருவராவது என்னிடம் "நீங்கள் என்ன ஆக்கள்" என்று கேட்டதில்லை. தச்சு வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன கிழமையே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் சாதியை நேராகக் கேட்டார். ஒருவர் அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், எந்தக் கோயில் திருவிழா எங்களுடையது என்று வளைத்து வளைத்துக் கேட்டார். மூன்றாமவர் என்னைக் கேட்காமல் என் பழைய முதலாளியைக் கேட்டார். எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில். "மரத்தோடை வேலை செய்யிற ஆக்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது 2010ஆம் ஆண்டின் கடைசி.

என்னை அந்த வேலைக்குக் கூப்பிட்டது ஒரு ஜப்பான்காரப் பெண். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். ஆள் கட்டை, கை மட்டும் சண்டியனின் கை. வியாழக்கிழமைகளில் வந்து வடையும் சாம்பாரும் சாப்பிடுவார். ஒரு நாள் எங்கள் நிலவறைக் கதவு ஈரத்தில் ஊதித் திறக்க முடியாமல் போனது. முதலாளி அவரிடம் கெஞ்சினார். கதவைக் கழற்றிப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார்கள். அதை ஆட்டாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் பிடித்தேன். அவர் பையிலிருந்து ஒரு சீவுளியை எடுத்து, நம் ஊர்த் தச்சர்கள் தள்ளுவதுபோல் தள்ளாமல், தன் பக்கமாக இழுத்து இழுத்துச் சீவினார். வெங்காயத் தோல்போலச் சீவல் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ மூச்சு விட்டபோதும் கதவு ஆடவில்லை. திங்கட்கிழமை வா" என்றார்.

அவரை நான் மதாம் என்றே கூப்பிட்டேன். எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு ஒழுங்காக வராது. அவருடையது ஒரு விதமாகக் கெட்டது, என்னுடையது இன்னொரு விதமாகக் கெட்டது. மூன்றாம் மனிதர் யாராவது எங்கள் பேச்சைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் எங்களுக்குள் விளங்கியது. இங்கே மதாம் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் நான் விளங்கிக்கொண்டதுதான்.

பட்டறை லா சப்பல் மெத்ரோவிலிருந்து ஐந்து நிமிட நடை. ஒரு பழைய கட்டடத்தின் முற்றத்துக் கடைசியில், வெயில் எட்டிப் பார்க்காத இடம். வேலை இரண்டு வகை. ஒன்று தளபாடம்: ஆணி இல்லாத மேசை, பெட்டி, கதவு வைத்த அலுமாரி. மற்றது பழைய வீடுகளைத் திருத்துவது. தூண்களின் அடி உக்கிப்போன வீடுகள்தான் அதிகம். தூணை அப்படியே விட்டுவிட்டு, உக்கின அடியை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் புதுக் கால் ஒன்று செய்து பொருத்துவார். இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். நடுவில் ஒரு சின்ன ஆப்பு அடித்தால் இறுகிவிடும். ஆப்பைத் தட்டி எடுத்தால் திரும்பக் கழற்றலாம். எனக்கு முதல் ஆறு மாதம் தூக்குவதும் பிடிப்பதும்தான் வேலை. பிறகு மரம் அறுக்கும் வாள் தந்தார், பிறகு உளி. கையை இழுப்புக்குப் பழக்க ஒரு வருடம் பிடித்தது. தள்ளித் தள்ளி மூன்று வாள்களை வளைத்தேன். வாய்க்கு வந்தபடி ஜப்பானிய மொழியில் திட்டினார். நான் தமிழில் திருப்பித் திட்டினேன். இரண்டு பேருக்கும் மனம் ஆறியது.

அக்கா 2012இன் தொடக்கத்தில் வந்தாள். வன்னியில் போரின் கடைசிவரை இருந்து, முள்ளுக்கம்பி முகாமில் கிடந்து, எங்கெங்கோ அலைந்து வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளாகவே கிட்ட வந்து "தம்பி" என்றாள். நெற்றியில் குங்குமப் பொட்டு பெரிதாக இருந்தது. கையில் ஒரு துணிப்பை. பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் என் நாலாம் மாடி வீட்டுக்கு வந்து அவள் பையைப் பிரித்தபோது, இரண்டு சேலைக்கு நடுவே ஒரு அலுமினிய மூடி இருந்தது. நெளிந்து, பிடி கழன்று, கம்பி கட்டிய மூடி.

அதன் கதையை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கடைசி நாட்களில் கடற்கரைப் பக்கம் எங்கோ கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அத்தான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மூடி பங்கருக்குள் கிடந்தது. "மூடியை விட்டிட்டுப் போறியள்" என்று அக்கா கத்தினாள். "கிடக்கட்டும், இப்ப வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு சனம் சனமாக நகர்ந்தது. அவளையும் தள்ளிக்கொண்டு போனார்கள். கையில் இருந்தது அந்த மூடி மட்டும்.

அலுவலகங்களில் படிவம் நிரப்பும்போதெல்லாம் சண்டைதான். திருமண நிலை என்ற இடத்தில் அவள் "மணமானவர்" என்ற பெட்டியில்தான் கோடு போடுவாள். "கணவர் எங்கே வசிக்கிறார்?" என்று கேட்டால், "வந்துகொண்டிருக்கிறார் எண்டு சொல்லு" என்பாள். நான் மொழிபெயர்க்க வேண்டும். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்ணின் முகத்தை நான் பார்க்க மாட்டேன். அக்காவுக்கு எல்லாம் அந்த ஒரு கோட்டில்தான் தொங்கியது. அத்தான் உயிரோடு இருக்கிறார் என்றால் அவள் எழும்புவாள், அதிகாலை ரயிலில் போய் அலுவலகங்கள் கூட்டித் துடைப்பாள், திரும்பி வந்து சமைப்பாள். இல்லை என்றால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு எழும்புவாள் என்று எனக்குத் தெரியாது.

சமையல்தான் பிரச்சினை ஆனது. அவள் மூன்று பேருக்குச் சமைத்தாள். அத்தானின் பங்கை அடுப்பிலேயே வைத்துவிட்டுத் தட்டின் முன்னால் இருப்பாள், வாயில் வைக்க மாட்டாள். அவருக்குப் போடாமல் தான் எப்படித் தின்பது என்று இருப்பாள். போட்டுவைக்கவும் பயம். வெறும் இடத்துக்கு முன்னால் சோறு போட்டுவைத்தால் அது படையல். உயிரோடு இருக்கிறவருக்கு யார் படைப்பார்கள்? அந்த மாதங்களில் அவள் மெலிந்து எலும்பானாள்.

ஒரு நாள் பட்டறையில் மத்தியானம், இதை மதாமிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். அவர் பெட்டிச் சோற்றைத் தின்றுகொண்டே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா தூரக் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். போனால் பத்து மாதம். கடிதமும் வராது. அம்மா ஒவ்வொரு நாளும் அவருக்கென்று கால் வைத்த ஒரு சின்னப் பலகையில் சோறும் சூப்பும் வைப்பாராம். அவர்கள் ஊரில் அது செத்தவருக்குச் செய்வது அல்ல. தூரம் போனவர் அங்கே பசியோடு இருக்கக்கூடாது, நல்லபடி திரும்ப வேண்டும் என்று செய்வது. சோற்றுக் கிண்ணத்தை மூடி வைத்து, பிறகு திறந்து பார்ப்பார்கள். மூடியின் உட்பக்கத்தில் நீர்த்துளி நின்றால், போனவர் சுகமாக இருக்கிறார்.

"சுடுசோற்றை மூடினால் யாருக்குத்தான் துளி வராது?" என்று கேட்டேன்.

"அதனால்தான் அம்மா எப்போதும் சுடச்சுட வைத்தார்" என்றார் மதாம்.

"அப்பா வந்தாரா?"

"வந்தார். வந்த அன்றே சோறு குழைந்துவிட்டது என்று அம்மாவைத் திட்டினார்."

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! படையல் போலவே இருக்கிறது, ஆனால் படையல் இல்லை. அக்காவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பலகையை நானே செய்கிறேன் என்றேன். மதாம் யோசித்தார். பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு துண்டுப் பலகையை இறக்கித் தந்தார். அவர் நாட்டிலிருந்து வந்த மரம், ஹினோகி என்று பெயர். சீவினால் எலுமிச்சம்பழத் தோலின் வாசம் வரும்.

வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் என்று, அதைச் செய்து முடிக்க எனக்கு ஐந்து கிழமை ஆனது. நாலு பக்கமும் சமமான சதுரப் பலகை. அடியில் மரத்தின் ரேகைக்குக் குறுக்காக இரண்டு காடிப் பள்ளம் வெட்டி, காலாக இரண்டு குட்டைப் பலகையைப் பக்கத்திலிருந்து அடித்துச் செருக வேண்டும். காடி உள்ளே அகன்று வாயில் ஒடுங்கி இருக்கும். செருகினால் பிறகு கழன்று விழாது. ஆணியோ பசையோ கிடையாது. இரண்டு முறை காடி தளர்ந்துபோய்ப் புதிதாகத் தொடங்கினேன். மேற்பரப்பை மணல்தாள் போட்டுத் தேய்க்க மதாம் விடவில்லை. சீவுளி விட்ட மினுக்கம்தான் மினுக்கம் என்றார். முடிந்த அன்று, பெருமை தாங்காமல் அதில் ஒரு கோப்பை தேநீரை வைத்து அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. தேநீரைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் பலகையைக் கால்வாசி திருப்பினார். பிறகுதான் கோப்பையைத் திரும்ப எடுத்து வைத்தார்.

நான் வைத்தபோது மரத்தின் ரேகை அவருக்கு நேராக ஓடியது. வீட்டில் பந்திக்குப் போடும் இருக்கைப் பலகையில் ரேகை அப்படித்தான் நீளவாக்கில் ஓடும். நான் அந்தப் பழக்கத்தில் வைத்துவிட்டேன். சாப்பிடுகிறவருக்கு ரேகை குறுக்கே ஓட வேண்டும் என்றார் மதாம். கால்கள் இடமும் வலமுமாக நிற்கும், முன்பக்கம் திறந்திருக்கும். "ரேகை ஆளைப் பார்த்து ஓடினால்?" என்று கேட்டேன். "அப்படி வைப்பது செத்தவருக்கு" என்றார். அவருடைய அம்மா பிள்ளைகள் விளையாட்டுக்குத் திருப்பினாலும் அடிப்பாராம்.

இதையெல்லாம் ஒன்றும் விடாமல் அக்காவிடம் சொன்னேன். அவள் பலகையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"போட்டோ வைக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை அக்கா. போட்டோ வைச்சால்தானே படையல்."

"விளக்கு?"

"ஒண்டும் வேண்டாம். சோறு, கறி, தண்ணி. சுடச்சுட வைக்கோணும். முன்பக்கம் திறந்திருக்கோணும்."

"அப்ப அவருக்குக் கத்தரிக்காய் வைக்கக் கூடாது. அவர் தின்னமாட்டார்" என்றாள் அக்கா. அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் யன்னலோரம் அந்தப் பலகை. கிண்ணத்தில் சுடுசோறு, பக்கத்தில் கறி, ஒரு குவளையில் தண்ணீர். கிண்ணத்தை மூடியது அந்த நெளிந்த அலுமினிய மூடிதான். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவோம். அவளும் சாப்பிட்டாள், அதுதான் முக்கியம். சாப்பிட்டு முடிந்ததும் மூடியைத் திறந்து உட்பக்கத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். துளி நிற்கிறது பார் என்று காட்டுகிறாள் என நினைத்து நான் தலையாட்டுவேன். அத்தானின் சோற்றை வீணாக்கக் கூடாது என்று, அது மறுநாள் என் மத்தியானச் சாப்பாடாகப் பெட்டியில் ஏறும்.

ஒருமுறை இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு அம்மா வந்தார். பலகையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இண்டைக்குத் திவசமோ பிள்ளை?" என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "இல்லையம்மா. அவர் வரப் பிந்தும். ஆறிப்போகாமல் மூடி வைச்சிருக்கிறன்" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தேநீர் போடுவதுபோல எழுந்து போய்விட்டேன்.

2014இல் ஒரு மனிதர் வந்தார். நான் முன்பு சட்டி கழுவிய அதே நிலவறைக்கு, வன்னியிலிருந்து புதிதாக வந்த ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு காது கேட்காது. ஒரு சனிக்கிழமை நான் அங்கே தேநீர் குடிக்கப் போனபோது முதலாளி அறிமுகம் செய்து வைத்தார். ஊர் பேர் விசாரித்துக்கொண்டு போக, அத்தானின் பெயரில் வந்து நின்றது. அந்த மனிதர் என் கையைப் பிடித்து வெளியே தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, அவரை நான்தான் தாட்டனான்" என்றார்.

கஞ்சி வரிசையில் செல் விழுந்து வெடித்தது. அத்தான் அவருக்கு முன்னால் நின்றவர். இருவரும் முன்பே ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். இரவு வரை காத்திருக்க முடியவில்லை, பக்கத்திலேயே மண்ணைத் தோண்டி மூடிவிட்டார். எனக்கு நம்ப மனம் வரவில்லை. வேறு யாராவது இருக்கலாம் என்று வாதாடினேன், குரலை உயர்த்திச் சண்டையே பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"கையிலை ஒரு தூக்குச்சட்டி அண்ணை. அதையும் பக்கத்திலை வைச்சு மூடினனான். மூடி இல்லாத சட்டி. மூடி எங்கை எண்டு வரிசையிலை கேட்டனான். மனிசியிட்டை விட்டிட்டு வந்திட்டன், பேச்சு விழும் எண்டு சிரிச்சவர்."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. அவர் கையைப் பிடித்து, "என்ரை அக்காவுக்கு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ" என்று கெஞ்சினேன். நேரம் பார்த்து நான் சொல்கிறேன் என்றேன். அவர் ஓம் என்றார். கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி செவ்ரானில் இறங்கும்வரை எப்படிச் சொல்வது என்று வசனம் வசனமாக யோசித்தேன். கதவைத் திறந்தால், பலகை யன்னலோரம் இருந்தது. சாப்பிட்டோம். அக்கா மூடியைத் திறந்தாள். அன்றைக்கும் துளி நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அந்தக் கிழமை வில்லியே லே பெல் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டில் வேலை. ஓக் தூண் ஒன்றுக்குப் புதுக் கால் செய்யும் பொறுப்பை மதாம் என்னிடம் தந்திருந்தார். மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படியே தூணிலும் நிற்க வேண்டும், வேர்ப்பக்கம் கீழே. எது வேர்ப்பக்கம் என்று ரேகையைப் பார்த்துச் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் பிழை விட்டதே கிடையாது. இரண்டு நாள் குனிந்து வெட்டி, கோத்து, ஆப்பும் அடித்துவிட்டு நிமிர்ந்தேன். மதாம் வந்து ஒரு கையைத் தூணில் வைத்தார். மரம் தலைகீழாக நின்றது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"வீட்டில் யாருக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

தரையில் மரத்தூளுக்குள் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் நான் அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். சொல்லி முடித்ததும், "அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். அவர் ஆப்பைத் தட்டி எடுத்து, நான் செய்த காலைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இன்றைக்கே சொல்" என்றார்.

நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வருடப்பிறப்புக் கழியட்டும் என்றேன், அவளுடைய விசா அலுவல் முடியட்டும் என்றேன், குளிர் போகட்டும் என்றேன். உண்மையில் நான் ஒரு கோழை. அந்தப் பலகையைச் செய்து கொடுத்தவன் நான். துளிக்கதையைச் சொன்னவன் நான். அதெல்லாம் வெறும் ஆவி என்று எந்த வாயால் சொல்வது? மதாம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முகத்தைப் பார்ப்பார். பிறகு அதையும் விட்டுவிட்டார். நான் ஒவ்வொரு மத்தியானமும் பட்டறையில் பெட்டியைத் திறந்து, செத்துப்போன மனிதரின் சோற்றைத் தின்றேன். தண்ணீர் குடித்து விழுங்குவேன். ஒரு நாள்கூட அதைக் கொட்ட எனக்குத் துணிவு வரவில்லை. இப்படியே ஐந்து வருடம் போனது.

2019, பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் முருங்கைக்காயும் மீனும் வாங்க லா சப்பலுக்குப் போனேன். கடை வாசலில் அத்தானைத் தாட்ட அந்த ஒற்றைக் காது கேளாதவரைக் கண்டேன். லண்டனில் இருக்கும் தமையனிடம் போகிறாராம், செவ்வாய்க்கிழமை பயணம். "அக்கா வீட்டிலையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் பையைப் பார்த்து, "மீன் நல்ல மீன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஒரு மணி. அக்கா வழக்கமாக மாலையில்தான் பலகை வைப்பாள். அன்றைக்கு மத்தியானமே வைத்திருந்தாள். பையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினேன். ஏதோ சரியில்லை என்று முதலில் கண்ணுக்குத்தான் பட்டது. பிறகு விளங்கியது. பலகையின் முன்பக்கம் அடைத்திருந்தது. கால் பலகை ஒன்று நேராக என்னைப் பார்த்து நின்றது. மரத்தின் ரேகை குறுக்கே ஓடவில்லை. நேராகச் சுவரைப் பார்த்து ஓடியது. சோற்றில் ஆவி இல்லை. மூடி பக்கத்தில் மல்லாந்து கிடந்தது, உள்ளே உலர்ந்திருந்தது.

"அக்கா, பலகை மாறிக் கிடக்கு" என்றேன்.

"மாறிக் கிடக்கேல்லை" என்று குசினிக்குள்ளிருந்து அவள் சொன்னாள். "நான்தான் வைச்சனான்."

கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கண்ணில் நீர் இல்லை. முகம் இறுகி, கோபமாக இருந்தது.

"அந்தக் காது கேக்காதவர் நேற்று வந்தவர். லண்டன் போறாராம், போட்டு வாறன் எண்டு சொல்ல வந்தவர்."

"உங்களுக்கு... எப்ப சொன்னவர்?"

"உனக்குச் சொல்லி ஒரு மாதத்திலை. கடையிலை, அரிசி மூட்டையளுக்குப் பக்கத்திலை நிண்டு. நான் உன்ரை அத்தானைக் கண்டனீங்களோ எண்டு கேட்டனான். அவருக்குப் பொய் சொல்ல வரேல்லை. 'அண்ணைக்குச் சொல்லியிட்டனே, அவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ' எண்டு கேட்டவர்."

"அஞ்சு வருசமா அக்கா?" என்றேன்.

"ஓம், அஞ்சு வருசம். நீ சொல்லுவாய் எண்டு இருந்தனான். ஊரிலை எண்டால் வீட்டு ஆம்பிளை வந்து வாசலிலை நிண்டு சொல்லோணும், பிறகுதான் பொம்பிளையள் அழுகிறது. கடையிலை கேட்டிட்டு வந்து நான் தனிய எப்பிடி அழுறது? அழுதால் நீயும் அறிஞ்சிடுவாய், நான் அறிஞ்சிட்டன் எண்டு. ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்திட்டு உன்ரை முகத்தைத்தானே பாத்தனான், இண்டைக்குச் சொல்லுவாய், இண்டைக்குச் சொல்லுவாய் எண்டு. நீ மாடு மாதிரித் தலையை ஆட்டிப்போட்டுப் போய்ப் படுப்பாய்."

சுவரில் சாய்ந்தபடி நின்றேன்.

"அந்தாளும் போகுது. இனி இஞ்சை அறிஞ்ச ஆள் நீ மட்டும்தான்" என்றாள். அவள் பலகைக்கு முன்னால் தரையில் இருந்தாள். "இப்ப சொல்லு."

"அக்கா..."

"சொல்லடா. எனக்கு வேற ஆர் இருக்கினம் சொல்ல?"

ரயிலில் யோசித்த வசனங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கதவடிக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்குத் தெரியாது, அவள் வாசல் என்று சொன்னது மனதில் இருந்திருக்கும். அங்கே நின்றபடி, "அக்கா, அத்தான் செத்துப்போனார். கஞ்சிக்குப் போன இடத்திலை. அண்டைக்கே" என்றேன்.

அக்கா அந்தச் செய்தியை அப்போதுதான் முதன்முறை கேட்பவளாகக் கேட்டாள். பிறகு பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினாள். கீழ் மாடியில் யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் உலுக்கிய உலுக்கலில் தண்ணீர்க் குவளை சரிந்து சோற்றில் கொட்டியது. நான் கிட்டப் போய், எதிரே இருந்து, பலகை ஆடாமல் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.